டிஸ்னி வேர்ல்டில் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். டிசம்பரில் மதுரையிலிருந்து என் அப்பா, அம்மா வருகிறார்கள். பிள்ளைகள் இருவரையும் சேர்த்து ஆறு பேராக ஐந்து இரவு ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் தங்கப் போகிறோம். பெரியவர்கள் சைவம், அம்மா முட்டைகூடத் தொட மாட்டார். முன்பு போனபோது அங்கே ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவில் ஒரு பீட்சா கடைதான் எங்களைக் காப்பாற்றியது. இப்போது அதை மூடிவிட்டார்கள் என்கிறார்கள். டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட், "டைனிங் பிளான் வாங்கிவிடுங்கள், சாப்பாட்டுக் கவலையே இருக்காது" என்கிறார். சாப்பாட்டுக்கு முன்பே மொத்தமாகப் பணம் கட்டும் அந்தத் திட்டத்தை வாங்கலாமா?

பதில்: அப்பா, அம்மாவுக்கு வாங்க வேண்டாம். பிள்ளைகள் விஷயம் வேறு கணக்கு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடை. நீங்கள் சொல்வது பிட்ஸரிசோ என்று நினைக்கிறேன். அது 2025 ஜூன் தொடக்கத்தில் மூடப்பட்டது. பழுதுபார்க்க மூடியதல்ல, நிரந்தரமாகவே போய்விட்டது. எதிரே இருந்த மப்பெட் 3டி அரங்கமும் அதோடு போயிற்று. அதற்கு முந்தைய மாதமே பக்கத்தில் இருந்த மாமா மெல்ரோஸ் இத்தாலிய உணவகத்தையும் மூடிவிட்டார்கள். அந்த மூலை முழுவதிலும் இப்போது மான்ஸ்டர்ஸ் இன்க் படத்தின் கதையை வைத்துப் புதிய பகுதி வருகிறது. அனிமல் கிங்டம் என்ற இன்னொரு பூங்காவிலும் இதே நிலைதான். அதன் டைனோலேண்ட் பகுதியில் இருந்த ரெஸ்டாரண்டோசாரஸ் உணவகத்தை 2026 பிப்ரவரி தொடக்கத்தில் மூடினார்கள். அங்கே டிராபிகல் அமெரிக்காஸ் என்ற பகுதி 2027-ல் திறக்கும், அதில் பெரிய உணவகம் ஒன்றும் இருக்கும் என்று டிஸ்னி அறிவித்திருக்கிறது. ஆனால் நீங்கள் போவது இந்த டிசம்பரில். அதனால் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் "சைவம் கிடைக்கும் இடங்கள்" பட்டியல் இரண்டு வருடம் பழையது என்றால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். டிஸ்னியின் செயலியில் அன்றைக்கு எந்தக் கடை திறந்திருக்கிறது, மெனு என்ன, விலை என்ன என்பதெல்லாம் இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு முறை, போகிற அன்று காலையில் ஒரு முறை பாருங்கள்.

இன்னொன்று. ஒரு கடை மூடினால் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டம் அடுத்த கடை வாசலில் போய் நிற்கும். டிசம்பர் கடைசி என்றால் கேட்கவே வேண்டாம். மதியச் சாப்பாட்டைப் பதினொரு மணிக்கே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். செயலியிலேயே ஆர்டர் செய்து, வாங்கும் நேரத்தையும் காலையிலேயே குறித்துவிட்டால் வயதானவர்களை வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை.

சரி, டைனிங் பிளான். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு மட்டும் விற்கப்படுவது இது. கொரோனா காலத்தில் நிறுத்தி, 2024 ஜனவரியில் மறுபடி கொண்டு வந்தார்கள். அப்போது, கவுண்டரில் வாங்கிச் சாப்பிடும் கடைகளுக்கான குயிக் சர்வீஸ் பிளான் பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 57 டாலர். நீங்கள் புக் செய்யும் அன்றைக்கு என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்குத் தினம் இரண்டு சாப்பாடு, ஒரு நொறுக்குத்தீனி, ஹோட்டலில் மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ள ஒரு கோப்பை. அந்தப் பழைய விலையிலேயே நான்கு பெரியவர்களுக்கு ஐந்து இரவுக்கு 1,140 டாலர் ஆகிறது.

உங்கள் அம்மா ஒரு நாளில் 57 டாலருக்குச் சாப்பிடுவாரா? ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு பானம் சேர்த்துத்தான் அந்த விலை. மது அருந்தும் வயதுள்ளவர்கள் பியரோ காக்டெயிலோ எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். பெரிய இறைச்சித் தட்டாகப் பார்த்து வாங்குபவர்களுக்கும் சரி. பச்சைத்தண்ணீர் குடித்துக்கொண்டு, ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடும் பெரியவர்களுக்கு இது வீண் செலவு. நான் பார்த்தவரை கவுண்டரில் வாங்கும் சைவத் தட்டுகள் பெரும்பாலும் 20 டாலருக்குள்தான் இருக்கின்றன. மிஞ்சிய சாப்பாட்டுக் கணக்கு, அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு காலாவதியாகிவிடும். பணம் திரும்ப வராது.

பிள்ளைகள் கணக்கு இப்படி. 2026-ல் பெரியவர்களுக்கு பிளான் வாங்கினால் 3 முதல் 9 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசம் என்று டிஸ்னி கொடுக்கிறது. உங்கள் ஏஜென்ட் இதை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஓர் அறைக்கு வாங்கினால் அந்த அறையில் 3 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் வாங்க வேண்டும், ஒருவரை மட்டும் விட முடியாது. ஆறு பேருக்குச் சாதாரண அறை என்றால் எப்படியும் இரண்டு தேவைப்படும். அப்பா, அம்மா அறையைத் தனி முன்பதிவாகப் போடச் சொல்லுங்கள். நீங்களும் பிள்ளைகளும் தங்கும் அறைக்கு மட்டும் பிளான் லாபமா என்று அப்புறம் கணக்குப் பாருங்கள். பிள்ளைகள் இருவரும் பத்து வயதுக்குக் கீழ் என்றால் லாபமாகவே இருக்கலாம்.

இனி அம்மாவுக்கு என்ன கொடுப்பது? மெனுவில் சின்ன இலைக் குறி போட்ட பண்டங்களைத் தேடுங்கள். இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், தேன்கூட இல்லாதவை என்று அதற்கு அர்த்தம். "வெஜிடேரியன்" என்று வாயால் கேட்டால் முட்டை சேர்ந்தது வந்துவிடலாம். இலைக் குறியைக் காட்டிக் கேட்பதுதான் பத்திரம். அனிமல் கிங்டமில் பண்டோரா பகுதியில் இருக்கும் சாட்டுலி கேன்டீனில் டோஃபு கிண்ணம் வாங்கலாம்; சோறும் காரமும் இருப்பதால் நம் நாக்குக்குப் பழக்கமானது போல இருக்கும். ஹாலிவுட் ஸ்டுடியோஸில் பீட்சாவே வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் சன்செட் பூல்வார்டில் கேட்டலினா எடீஸ் இருக்கிறது. டாய் ஸ்டோரி பகுதியில் உள்ள வுடீஸ் லஞ்ச் பாக்ஸில் சீஸ் சாண்ட்விச் கிடைக்கும்.

ஒரு வேளையாவது சனா என்ற உணவகத்துக்கு அழைத்துப் போங்கள். அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஹோட்டலில் கிடானி வில்லேஜ் பக்கம் இருக்கிறது. பூங்காவுக்குள் இல்லை என்பதால் அங்கே சாப்பிட டிக்கெட் தேவையில்லை. இந்திய ரொட்டி வகைகளையும் தொட்டுக்கொள்ளப் பல சட்னிகளையும் தட்டில் பரப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரை மேயும். நான்கு நாள் பிரெட்டும் சீஸும் தின்று அலுத்த பெரியவர்கள் அந்த ரொட்டியைப் பிய்க்கும்போது முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். 60 நாள் முன்பே மேசை பதிவு செய்யலாம். அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, கையில் கட்டுசாதம் கொண்டு போங்கள். வெளிச் சாப்பாட்டை டிஸ்னி வேர்ல்ட் தடுப்பதில்லை என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, மது கூடாது, சூடாக்க வேண்டிய பண்டம் கூடாது, கடுமையான வாடை அடிக்கக் கூடாது. உதிரி ஐஸ் கட்டி கூடாது. உறைய வைத்து எடுத்துப் போகும் ஐஸ் பேக் வைத்துக்கொள்ளலாம். நான் அம்மாவோடு போனபோது முதல் நாள் இரவே பால் நிறைய விட்டு, தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்த்துச் சாதம் பிசைந்து வைத்தேன். மதியத்துக்குப் புளிக்காமல் பதமாக இருந்தது. சோதனை மேசையில் இருந்த பெண் எவர்சில்வர் சம்படத்தைத் தூக்கிப் பார்த்து, "கண்ணாடியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் பையை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். தண்ணீர் பாட்டிலுக்கும் காசு கொடுக்க வேண்டாம். பானம் விற்கும் எந்தக் கவுண்டரிலும் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீரை இலவசமாகத் தருவார்கள்.

கேள்வி: மேசை பதிவு செய்த பிறகு அந்த உணவகத்தை மூடிவிட்டால் பணம் போய்விடுமா?

பதில்: பெரும்பாலான உணவகங்களில் பதிவு செய்யும்போது பணம் பிடிப்பதில்லை, கிரெடிட் கார்டு எண்ணை மட்டும் வாங்கி வைப்பார்கள். நீங்கள் போகாமல் விட்டால்தான் ஆளுக்கு 10 டாலர் பிடிப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்துவிட்டால் அதுவும் இல்லை. ஹூப்-டி-டூ போன்ற ஆட்டம்பாட்டத்தோடு கூடிய இரவு விருந்துக்கு மட்டும் முழுப் பணத்தையும் முன்பே கட்ட வேண்டும். அதை அவர்களே ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். கட்டிய ரசீது மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். ஆனால் பூங்கா நுழைவு டிக்கெட் அப்படியல்ல. ஒரு கடை மூடியிருக்கிறது, ஒரு ரைடு ஓடவில்லை என்பதற்காக அந்தப் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள்; விற்கும்போதே நிபந்தனையில் எழுதியிருக்கும்.

கேள்வி: பில்லில் டிப்ஸ் அவர்களே சேர்த்துவிட்டார்கள். கேட்கலாமா?

பதில்: பரிமாறும் உணவகத்தில் ஆறு பேர் அல்லது அதற்கு மேல் உட்கார்ந்தால் 18 சதவீதம் தானாகவே சேர்ந்துவிடும். முதல் கேள்வி கேட்டவரின் குடும்பம் சரியாக ஆறு பேர், அவர்களும் கவனிக்க. டைனிங் பிளானிலும் இந்த டிப்ஸ் அடங்காது, தனியாகத்தான் கொடுக்க வேண்டும். பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கீழே டிப்ஸ் என்று காலியாக விட்டிருக்கும் இடத்தில் இன்னொரு முறை எழுத வேண்டியதில்லை.