காப்பகத்தில் மூன்று வருடமாக யாரும் எடுக்காத பூனையை நாங்கள் எடுக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: காப்பகத்தில் 7 வயதுப் பெண் பூனை ஒன்று 3 வருடமாக இருக்கிறது. எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) பாசிட்டிவ் என்பதால் யாரும் எடுக்கவில்லை. வீட்டில் 5 வயதுக் குழந்தை உண்டு, வேறு விலங்கு இல்லை. எடுக்கலாமா?

எடுக்கலாம். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்ததே அந்த ‘வேறு விலங்கு இல்லை’தான். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

முதலில் குழந்தை. எஃப்ஐவி மனிதர்களுக்குத் தொற்றாது. எச்ஐவி வைரஸுக்கு இது உறவுதான், பெயரும் அப்படியே ஒலிக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதுமே பாதிப் பேர் கூண்டை விட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் இது பூனைக் குடும்பத்தோடு நின்றுவிடுகிற வைரஸ். 1986-இல் கலிஃபோர்னியாவில், நிறையப் பூனைகள் சேர்ந்து வாழ்ந்த ஓர் இடத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் ஆழமான கடிக்காயம் வழியாகப் பரவும். அதனால்தான் தெருச்சண்டை போடும் கடுவன்களிடம் அதிகம். நோய் எதிர்ப்புச் சக்தி மெதுவாகக் குறையும் என்றாலும் பல பூனைகள் வருடக்கணக்கில் நன்றாகவே வாழ்கின்றன. வெளியே விடக்கூடாது, பச்சை மாமிசம் கொடுக்கக்கூடாது, வாயில் புண்ணோ ஈறில் சிவப்போ தெரிந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். இவ்வளவுதான் அதிகப்படி வேலை.

ஆனால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அது எஃப்ஐவியா, எஃப்இஎல்வியா (பூனை ரத்தப்புற்று வைரஸ்)? சோதனைக் கிட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பேச்சிலும் குழப்பிவிடுவார்கள். இரண்டாவது வேறு கதை. எச்சில் வழியாகவே பரவும், ஆயுளையும் நன்றாகக் குறைத்துவிடும். ரிப்போர்ட்டை வாயால் சொல்லக் கேட்காமல் காகிதத்தில் பாருங்கள். முடிந்தால் ஒருமுறை திரும்பவும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இனி என் கதை. 2019-இல் நானும் அம்மாவும் குட்டி ஒன்று எடுக்கத்தான் சென்னையில் ஒரு காப்பகத்துக்குப் போனோம். குட்டிகள் எல்லாம் கம்பியில் ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. கீழ்த்தட்டில் கடைசிக் கூண்டில் ஒரு கறுப்புப் பூனை தன் மணல் தட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அங்கிருந்த பெண் சொன்னார்: ‘அந்தக் கூண்டில் விளிம்பு உயர்ந்த ஒரே இடம் அதுதான். ஒளிய வேறு இடம் இல்லை.’ வயது 6 இருக்கலாம், இடது கண் கிடையாது, சிறு வயதில் வந்த பூனைச் சளி கண்ணில் இறங்கி எடுக்க வேண்டியதாகிவிட்டது, ஆள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், 2 வருடமாக ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மணல் தட்டு விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. நாய் குரைக்கிற இடத்தில், கம்பிக்குள், விளக்கு வெளிச்சத்தில் ஒரு பூனையைப் பார்த்து ‘குணம் சரியில்லை’ என்று முடிவு செய்வது, பல் பிடுங்குகிற நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து சிடுமூஞ்சி என்று சொல்வது மாதிரி. யாரும் எடுக்காத பூனைகளில் பாதிக்கு மேல் தன்னைக் காட்டிக்கொள்ளத் தெரியாத பூனைகள்தான் என்பது என் அனுபவம். குட்டியும் உண்மையில் ஒரு சீட்டுக் குலுக்கல்தான். வளர்ந்து எப்படி வரும் என்று யாருக்குத் தெரியும்? 7 வயதுப் பூனை இப்போது என்னவோ, பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

காப்பகத்தில் அதன் பெயர் ஷேடோ. அம்மா கருப்பாயி ஆக்கினார். அதற்கு முன் வழியெல்லாம் ‘போயும் போயும் இதைத்தானா பிடிச்சே, கறுப்பு வேற, ஒத்தைக் கண்ணு வேற’ என்று புலம்பல். வீட்டுக்கு வந்ததும் அது பீரோவுக்கு அடியில் போனது. 19 நாள் வெளியே வரவில்லை. இரவில் மட்டும் சாப்பாடும் மணல் தட்டும் பயன்பட்டிருப்பது தெரியும். ஒரு வாரத்தில் அம்மாவே சொல்லிவிட்டார், ‘குறுக்கே போனாத்தானே சகுனம். இவ எங்கே வெளியவே வரா?’

இந்த இடத்தில் நாங்கள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு சைவம். அம்மாவின் திட்டம் பால், தயிர் சாதம். ஊரில் எல்லாப் பூனையும் அதைத்தானே தின்றது என்பார். (ஊர்ப் பூனை மிச்சத்தை எலியாகவும் ஓணானாகவும் தானே சம்பாதித்துக்கொண்டது, அது நம் கண்ணில் படவில்லை.) முதல் இரண்டு நாள் கருப்பாயி எதையும் தொடவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். பூனை இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், காத்திருக்காதே என்றார். தயிர் சாதத்தைப் பற்றிச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. டாரின் என்கிற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் போதுமான அளவு உண்டு, பூனையால் அதைத் தேவையான அளவு தன் உடம்பில் செய்துகொள்ள முடியாது, அது இல்லாவிட்டால் விழித்திரை கெடும், இதயம் தளரும். ‘இருக்கிற ஒரு கண்ணும் போகணுமா?’ என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா உப்புப் போடாமல் வேக வைத்த மீனை ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்தார். வெதுவெதுப்பாக பீரோ அருகே வைத்துவிட்டு விளக்கை அணைத்தோம். பத்து நிமிடத்தில் கிண்ணம் தரையில் உரசும் சத்தம். அப்புறம் மெதுவாக பாக்கெட் உணவுக்கு மாற்றினோம். அதில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இன்றுவரை ‘பிஸ்கட்’ என்றுதான் சொல்கிறார்.

நான்காவது மாதம் ஓர் இரவு, டிவி ஓடிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தது. நாங்கள் இருவரும் மூச்சைக்கூட விடவில்லை. விளம்பரம் முடிந்தும் அம்மா எழுந்து அடுப்பை அணைக்கப் போகவில்லை. அன்றைக்குப் பால் பொங்கிப் பாதி வழிந்தது.

இப்போது ‘வேறு விலங்கு இல்லை’க்கு வருகிறேன். முதல் பூனை இப்படி அமைந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. 2022-இல் இன்னோர் இடத்திலிருந்து மூன்று கால் கடுவன் ஒன்றைக் கொண்டு வந்தேன். ‘காலைத் தவிர எல்லாம் தங்கம்’ என்றார்கள். மனிதர்களிடம் தங்கம்தான். மற்ற பூனையைக் கண்டால் பாயும், அதனால்தான் தனிக்கூண்டில் வைத்திருந்தார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது கருப்பாயியைக் கண் இல்லாத பக்கமாகவே வந்து அடிக்கும். தனித்தனி அறை, ஒன்றின் துணியை மற்றதிடம் வைப்பது, கதவிடுக்கில் சேர்ந்து சாப்பிட வைப்பது என்று இரண்டு மாதம் பார்த்தோம். கருப்பாயி மறுபடி பீரோ அடிக்கே போனாள். கடுவனைத் திருப்பிக் கொடுத்தேன். ஆட்டோவில் வரும்போது அழுதேன். பின்னால் வேறு பூனை இல்லாத ஒரு வீட்டுக்குப் போய் அங்கே ராஜாவாக இருக்கிறான் என்று படம் அனுப்பினார்கள். உங்கள் வீட்டில் இந்தச் சிக்கலே கிடையாது. எஃப்ஐவி இன்னொரு பூனைக்குப் பரவுமோ என்ற கவலையும் கிடையாது.

காப்பகத்தில் ‘நல்ல பூனையா?’ என்று கேட்காதீர்கள், எல்லாம் நல்ல பூனைதான். கடைசியாக எப்போது மருந்து கொடுத்தீர்கள், எதற்காக? தூக்கினால் என்ன செய்யும்? குழந்தை இருக்கும் வீட்டில் இருந்திருக்கிறதா? யாராவது எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தார்களா, ஏன்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பொன். சரிவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பணம்: கருப்பாயிக்கு 2021-இல் வாய் முழுக்கப் புண் வந்து பல் அத்தனையும் எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு 11,000 ரூபாய் ஆனது. எஃப்ஐவி பூனைகளுக்கும் வாய்ப்புண் சகஜம், ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். பல் இல்லாமல் எப்படிச் சாப்பிடும் என்று பயந்தேன். முன்பைவிட வேகமாகச் சாப்பிடுகிறாள்.

பால்கனியில் புறா வலை இருந்தால் அதை நம்பாதீர்கள். மெல்லிய நைலானைப் பூனை கடித்துவிடும், கம்பி வலை போடுங்கள். காய்ச்சல் மாதிரி தெரிகிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் போடாதீர்கள், அதில் சில வகை பூனையைக் கொன்றுவிடும். மணல் தட்டைத் தினமும் நீங்களே சுத்தம் செய்யுங்கள், குழந்தையிடம் விடாதீர்கள். குழந்தைக்கு ஒரே ஒரு விதி போதும்: பூனை ஒளிந்திருக்கும் இடத்துக்குள் கை போகக்கூடாது.

கொண்டு வரும் நாளில் அவளுக்குச் சின்ன அறை ஒன்று போதும், வீடு முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டாம். பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றை மூலையில் வையுங்கள். காப்பகத்தில் அவள் படுத்திருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே கேட்டு வாங்கி வந்து அதற்குள் போட்டுவிடுங்கள்.