திரை ஏன் திக்குகிறது? ஆண்ட்ராய்டு கேள்வி பதில்

ஆண்ட்ராய்டு செயலி எழுதப் பழகுகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே சங்கதியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, பட்டனை அழுத்தினால் என் செயலி சில விநாடிகள் அப்படியே நின்றுவிடுகிறது. சில நேரம் 'செயலி பதிலளிக்கவில்லை' என்று ஒரு பெட்டியும் வருகிறது. போன் பழசு, அதனாலா?

பதில்: பாவம், போன் என்ன செய்யும் தம்பி? பட்டனை அழுத்தியதும் ஓடும் ஆன்கிளிக்குக்குள்ளேயே டேட்டாபேஸ் முழுவதையும் படிக்கிறீர்களா என்று பாருங்கள். செயலியின் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் முக்கியப் பாதையான மெயின் த்ரெட் ஒன்றே ஒன்றுதான். விரல் பட்டதைக் கேட்பது, திரையை அடுக்குவது, ஆக்டிவிட்டியை, அதாவது செயலியின் ஒரு திரையை, திற, மூடு என்று சிஸ்டம் சொல்வதைச் செய்வது எல்லாம் அதன் தலையில்தான். பந்தியில் ஒரே ஆள் பரிமாறும்போது அவரையே கடைக்கும் அனுப்பினால் இலைகள் காய்ந்துதான் கிடக்கும். தொட்டதற்கு 5 விநாடியில் பதில் இல்லையென்றால் சிஸ்டம் அந்தப் பெட்டியைக் காட்டும்.

மெயின் த்ரெட்டில் நெட்வொர்க் அழைப்பு வைத்தால் ஆண்ட்ராய்டு 3.0 முதல் செயலி உடனே விழுந்துவிடும், அதனால் அந்தத் தவறு சீக்கிரம் தெரிந்துவிடும். போனுக்குள் இருக்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டை நேரடியாகத் தொட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். அதன் மேல் உட்காரும் ரூம் லைப்ரரி மட்டும் மறுக்கும். படிக்கும் வேலையைக் கோரூட்டினில் (பின்னணியில் வேலை ஓட்டும் கோட்லின் வசதி) டிஸ்பேச்சர்ஸ் ஐஓ என்ற வேறு த்ரெட்டுகளுக்கு அனுப்பிவிட்டு, விடை வந்த பிறகு திரையை மாற்றுங்கள்.

கேள்வி: படத்தைப் பைட்டுகளாக மாற்றி, இன்டென்டில் (அடுத்த திரையைத் திறக்கச் சொல்லும் சேதி) வைத்து அடுத்த ஆக்டிவிட்டிக்கு அனுப்புகிறேன். சின்னப் படம் போகிறது, பெரிய படத்துக்குச் செயலி விழுகிறது. இரண்டும் என் செயலிதானே?

பதில்: உங்கள் செயலிதான், ஆனால் பாதை வெளியே சுற்றிப் போகிறது. ஆக்டிவிட்டியைத் திறப்பது சிஸ்டத்தின் பொறுப்பு. இன்டென்ட் உங்கள் செயலி ஓடும் ப்ராசஸிலிருந்து, சிஸ்டத்தின் ப்ராசஸான சிஸ்டம் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. ஒவ்வொரு செயலியும் தனி லினக்ஸ் பயனராக ஓடுவதால் ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது. சிஸ்டத்தின் மையமான கெர்னலில் இருக்கும் பைண்டர்தான் சேதியைச் சுமக்கிறது. அதற்கான இடம் ஒரு ப்ராசஸுக்கு 1 எம்பி, அதுவும் அந்த நேரத்தில் நடக்கும் எல்லா அழைப்புகளுக்கும் சேர்த்து. 1080க்கு 1920 படம் பிக்சலுக்கு 4 பைட் என்றாலே கிட்டத்தட்ட 8 எம்பி! படத்தை ஃபைலாக வைத்துவிட்டு அதன் முகவரியான யூஆர்ஐயை மட்டும் அனுப்புங்கள். வேறு செயலிக்கு என்றால் ஃபைலைப் பகிர உதவும் ஃபைல்ப்ரொவைடர் வழியாக, படிக்கும் அனுமதியோடு.

கேள்வி: 60 ஹெர்ட்ஸ் போனில் வழுக்கிக்கொண்டு ஓடிய கிராஃப், புது 120 ஹெர்ட்ஸ் போனில் திக்குகிறது. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

பதில்: திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும்போது ஒரு ஃப்ரேமுக்கு (ஒரு முறை வரையும் படத்துக்கு) 16.6 மில்லிவிநாடி. 120இல் 8.3தான், அதற்குள் வரைந்து முடிக்காவிட்டால் திக்கும். ஆண்ட்ராய்டு 5.0 முதல், படம் வரையும் சிப்பான ஜிபியுவுக்குக் கட்டளை அனுப்பும் வேலையை ரெண்டர் த்ரெட் என்ற தனி த்ரெட் எடுத்துக்கொண்டது; அளப்பதும் அடுக்குவதும், என்ன வரைவது என்று சொல்லும் ஆன்ட்ராவும் இன்னும் மெயின் த்ரெட்டில்தான். ஆன்ட்ராவுக்குள் ஒவ்வொரு முறையும் புதுப் பொருளை உருவாக்கும் 'நியூ பெயின்ட்' இருந்தால் முதலில் அதை வெளியே தூக்குங்கள். நிறம் மட்டும் மாறும்போது, திரும்ப அளக்கச் சொல்லும் ரிக்வெஸ்ட்லேஅவுட் வேண்டாம், திரும்ப வரையச் சொல்லும் இன்வேலிடேட் போதும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ரெண்டரிங் பட்டைகளைத் திரையில் காட்டச் சொன்னால், எந்த ஃப்ரேமின் பட்டை உயரமாக எழுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

கேள்வி: மேடம், ஸ்க்ரோல்வியூவுக்குள் கையெழுத்துப் போடும் பெட்டி வைத்திருக்கிறேன். கோடு மேலிருந்து கீழே இறங்கினால் பாதியில் அறுந்து, பக்கம் நகர்கிறது.

பதில்: இது கிட்டத்தட்ட எல்லாரும் மாட்டும் இடம். விரல் பட்டதும் 'டவுன்' என்ற நிகழ்வு வெளி வியூவிலிருந்து (வியூ என்றால் திரையின் ஒரு துண்டு) உள்ளே இறங்கும். உங்கள் பெட்டி ஆன்டச்ஈவென்டில் 'ட்ரூ' என்றால்தான் பின்னால் வரும் மூவும் (விரல் நகர்வது) அப்பும் (விரலை எடுப்பது) அதற்குக் கிடைக்கும். 'ஃபால்ஸ்' என்றால் அந்தத் தொடுதலோடு உறவு அறுந்தது. 'ட்ரூ' சொல்லிவிட்டாலும் மேலே இருக்கிற ஸ்க்ரோல்வியூ சும்மா இருக்காது, ஒவ்வொரு மூவையும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். விரல் செங்குத்தாகச் சுமார் 8 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) நகர்ந்துவிட்டால் 'இது ஸ்க்ரோல்' என்று பிடுங்கிக்கொண்டு, உங்களுக்கு 'விட்டுவிடு' என்று ஒரு கேன்சலை அனுப்பிவைக்கும். கோடு அறுவது அங்கேதான்.

டவுன் வந்த உடனே பேரன்ட்டிடம் (மேலே இருக்கும் வியூ) ரிக்வெஸ்ட்டிஸ்அலவ்இன்டர்செப்ட்டச்ஈவென்ட் என்பதை 'ட்ரூ' கொடுத்துக் கூப்பிடுங்கள். பேர்தான் ரயில் நீளம், வேலை சின்னது: இந்தத் தொடுதல் முடியும்வரை குறுக்கே வராதே என்று சொல்வது. அடுத்த டவுனுக்குத் திரும்பவும் சொல்ல வேண்டும். அப்புறம், கேன்சலை அப் மாதிரி நடத்தாதீர்கள். கேன்சல் வந்தால் பாதிக் கோட்டை அழிக்க வேண்டும், சேமிக்கக் கூடாது.

கேள்வி: அதே மாதிரிப் பெட்டிதான் எனக்கும். மெதுவாகப் போட்டால் அழகாக வருகிறது, வேகமாகப் போட்டால் வளைவெல்லாம் முனை முனையாக இருக்கிறது.

பதில்: இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே வந்த புள்ளிகளை ஆண்ட்ராய்டு ஒரே மூவுக்குள் கட்டித் தருகிறது. கெட்எக்ஸ், கெட்ஒய் கடைசிப் புள்ளியை மட்டும்தான் கொடுக்கும். கெட்ஹிஸ்டரிசைஸ் எத்தனை என்று பார்த்து, கெட்ஹிஸ்டாரிகல்எக்ஸ், ஒய் மூலம் பழைய புள்ளிகளை முதலில் சேர்த்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு இன்வேலிடேட் போடுங்கள். அதற்குப் பிறகும் முனை தெரிந்தால் நேர்கோடு இழுக்கும் லைன்டூவை விட்டுவிட்டு, வளைவு இழுக்கும் குவாட்டூவில் இணைத்துப் பாருங்கள்.