தொலைந்த பேட்டையின் பாட்டு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சில வாரங்களாக டாங்கோ பாடல்களை மொழிபெயர்ப்போடு கேட்டு வருகிறேன். முக்கால்வாசிப் பாட்டில் காதலி போய்விடுகிறாள், இல்லையென்றால் பழைய பேட்டை போய்விடுகிறது. காதலி விஷயம் புரிகிறது. ஆனால் அர்ஜென்டினாத் தலைநகர் புவனெஸ் அய்ரஸின் அந்த ஓரப் பகுதிகள் சேறும் வெள்ளமுமாகக் கிடந்தவைதானே? அதற்கா இத்தனை அழுகை? கொஞ்சம் பாவனையாகப் படுகிறது.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

பாவனை உண்டு, மறுக்கவில்லை. வயதான அம்மா, முற்றத்துக் கொடி, முதல் காதல் மூன்றையும் போட்டுக் கலக்கிய பாட்டுகள் ஏராளம். அவற்றை விட்டுவிடலாம்.

ஆனால் நல்ல பாட்டுகள் சேற்றை மறைப்பதே இல்லை. ஒமேரோ மான்சி எழுதி அனிபால் ட்ரொய்லோ இசையமைத்த ‘சுர்’ (தெற்கு என்று பொருள், 1948) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சான் ஹுவான், பொயேதோ தெருக்கள் சந்திக்கும் முனை, அப்புறம் பொம்பேயா என்ற பேட்டை, அதற்கும் அப்பால் வெள்ளக்காடு என்று மான்சி வழி சொல்லிக்கொண்டு போகிறார். கொல்லன் பட்டறை முனையில் சேறும் பம்பாஸ் புல்வெளியும் வந்துவிடுகின்றன. ரியாச்சுவேலோ ஆறு கரைமீறும் பகுதி அது. அவர் ஏங்குவது வசதியான தெருவுக்கு இல்லை, ஊர் முடிந்து வெட்டவெளி தொடங்குகிற விளிம்புக்கு.

அந்த விளிம்பு நிற்கிற இடமா? 1869இல் அந்த நகரத்தில் 2 லட்சம் பேர்கூட இல்லை. 1914இல் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டது, அதில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், பெரும்பாலும் இத்தாலியரும் ஸ்பானியரும். டிராம் நீண்டது, மனைகள் தவணையில் விற்றன, தார் வந்தது. பையனாகப் பந்து விளையாடிய பொட்டல் முப்பது வயதில் வீட்டுவரிசை. தாத்தாவின் ஊரை இழந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பேட்டையாவது சொந்தம் என்றிருந்தது. அதுவும் கண்ணெதிரே போயிற்று.

இன்னொன்று சொல்கிறேன். பொம்பேயாவை ஒட்டி, ரியாச்சுவேலோவின் குறுக்கே இருக்கிறது அல்சினா பாலம். அந்தப் பாலத்தின் பெயரிலேயே 1926இல் பென்ஹமின் தாக்லே லாரா ஒரு டாங்கோ எழுதினார். என் பேட்டை எங்கே, தார்ச்சாலை ஒரே வீச்சில் துடைத்துவிட்டதே என்று கேட்கிறார். மான்சி பொம்பேயாவில் விடுதியில் தங்கிப் படித்ததும் கிட்டத்தட்ட அந்தக் காலத்தில்தான். ஒருவர் ‘எல்லாம் போச்சு’ என்று கைவிரித்த இடமே இருபது வருடம் கழித்து இன்னொருவருக்கு இழந்த சொர்க்கம். இத்தனைக்கும் மான்சி அந்த ஊர்க்காரரே இல்லை. 1907இல் வடக்கே சாந்தியாகோ தெல் எஸ்தேரோ மாகாணத்தில் பிறந்து, சிறுவனாக வந்து சேர்ந்தவர். வந்தவன் பாடுகிற ஏக்கம் பொய் என்று நீங்கள் சொல்லக்கூடும். எனக்கு அதுதான் நம்பும்படி இருக்கிறது, அவருக்கு ஒவ்வொரு முனையும் தேடிக் கற்றுக்கொண்ட ஒன்று.

நேர்மாறான வேடிக்கை ‘கமினிதோ’ (சின்னப் பாதை) என்கிற டாங்கோ. பாட்டின் வரிகளைத் தூண்டிய ஒற்றையடிப் பாதை தொலைவில், லா ரியோஹா மாகாணத்தின் ஓல்டாவில் இருப்பது என்பார்கள். சுற்றுலாப் பயணிகளோ புவனெஸ் அய்ரஸின் லா போகா பகுதியில் அந்தப் பெயர் சூட்டப்பட்ட வண்ணத் தெருவில் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். பாவனை என்ற உங்கள் சொல்லை அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

‘சுர்’ கேட்பதானால் ட்ரொய்லோ குழுவோடு எத்முந்தோ ரிவேரோ பாடிய 1948 பதிவில் தொடங்குங்கள். கனத்த குரல், அழாமல் பாடுகிறார். ரொபெர்தோ கோயெனேச்சே பிற்காலத்தில் பாடியது அதற்கப்புறம்.