மற்றவர் மனம் நோகாமல் கிறிஸ்தவ விசுவாசத்தை அன்றாட வாழ்வில் பகிர்வது எப்படி?

அலுவலகத்திலும் குடியிருப்பிலும் உடனிருக்கும் பிற சமயத்தவரிடம் இயேசுவைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் கேட்கும்வரை பொறுத்திருங்கள், கேட்டால் மறைக்காதீர்கள் என்பதே என் பதில். பேதுரு தம் முதல் நிருபத்தில் (3:15), நம் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி எழுதுகிறார்.

உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு என்னும் கிராமத்துக்குப் போகும் சாலையில் செய்ததும் இதுதான். துக்கத்தோடு நடந்துகொண்டிருந்த இரு சீடர்களுடன் சேர்ந்து நடந்து, என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை முழுவதும் கேட்ட பின்னரே வேதத்தை விளக்கினார். கிராமம் நெருங்கியபோது அப்புறம் போகிறவர்போலக் காண்பித்தார். அவர்கள் வருந்திக் கேட்டுக்கொண்ட பிறகே வீட்டுக்குள் போனார் (லூக்கா 24). உயிர்த்தெழுந்தவரே அழைப்புக்குக் காத்திருந்தார் என்றால், அழையாமல் ஒருவருடைய மனத்துக்குள் நுழைய நமக்கு உரிமை இருப்பதாக நான் கருதவில்லை.

நம் ஊர்களில் இது பெரும்பாலும் உணவில்தான் தொடங்குகிறது. கோயிலிலிருந்து திரும்பும் பக்கத்து வீட்டு அக்கா பிரசாதம் நீட்டும்போது என்ன செய்வது என்பதில் சபையாரிடையே ஒரே கருத்து இல்லை. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுலே இதை ஒரே வரியில் முடிக்காமல், உண்பவரின் மனச்சாட்சியையும் உடனிருப்பவரின் மனச்சாட்சியையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். உங்கள் மனச்சாட்சி இடங்கொடாவிட்டால், முகத்தைச் சுளிக்காமல், "அக்கா, சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை, தவறாக நினைக்காதீர்கள், தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு இருந்தால் கொடுங்கள்" என்று உரிமையோடு கேளுங்கள். கிறிஸ்துமஸ் கேக்கை அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், அவர்கள் வீட்டுப் பலகாரத்தை மறுத்துவிட்டு அன்பைப் பற்றிப் பேச முடியாது. இப்படிப் பழகும் வீடுகளில்தான், "நீங்கள் ஏன் சாப்பிடுவதில்லை?" என்ற கேள்வி பகையில்லாமல் எழும். அப்போது அவர்களுடைய தெய்வத்தைப் பற்றி ஒரு சொல்லும் குறைத்துப் பேசாமல், இயேசு உங்களுக்கு யார் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

நோயுற்றவரிடம் இன்னும் கவனம் வேண்டும். மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவரால் எழுந்து போக முடியாது. அவர் கையில் சுவிசேஷத் துண்டுப் பிரசுரத்தைத் திணிப்பது எனக்கு ஒப்பாத செயல். இரவு துணைக்கு இருங்கள், வீட்டாருக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள். "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிட்டு, மறுநாளும் அதே அன்போடு போங்கள்.

இந்திய அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் பிறரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. மனத்தைத் திருப்புவது தேவனுடைய வேலை என்று நம்புகிற நமக்கு, சொல்வதோடு நிறுத்திக்கொள்வது இழப்பன்று.

யாராவது வேதம் படிக்க விரும்பினால், முழு வேதாகமத்தையும் கொடுத்து மலைக்க வைக்காமல், மாற்கு சுவிசேஷத்தை மட்டும் கொடுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் நடை புதியவர்களுக்குக் கடினம் என்பதால், 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ஏற்றது. கொடுத்த பிறகு, எவ்வளவு படித்தீர்கள் என்று விசாரிக்காதீர்கள்; அவர்களே பேச்செடுக்கும் நாளில் நேரம் ஒதுக்கி உட்கார்ந்து பேசுங்கள்.