மரபணு மாத்தின பயிர் எண்டா என்ன, நல்லதா கெட்டதா?

ஒரு பயிருக்குள்ள வேற உயிரின்ர மரபணுவ ஆய்வுகூடத்தில வச்சுச் சேர்க்கிறதுதான், அம்மாவின்ர சமையல் கொப்பியில வேற வீட்டுக் குறிப்பு ஒரு பக்கத்த ஒட்டுற மாதிரி. பிடி (Bt) கத்தரி எண்ட மரபணு மாத்தின கத்தரியில மண் பக்டீரியா ஒண்டின்ர மரபணு இருக்கு, அது செய்யிற புரதம் காய் துளைக்கிற புழுவின்ர குடலத்தான் உடைக்கும், எங்கட குடலில அது ஒட்ட இடமில்ல. பங்களாதேசத்தில 2014இல இருந்து செய்கை பண்ணுகினம், மருந்தடியும் குறைஞ்சிருக்கு. கிளிநொச்சிப் பக்கம் காலமையில முகத்தில துணியக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிற ஆக்களப் பாத்தா இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு விளங்கும்.

ஆனா எனக்குப் பயம் விதையிலதான், காப்புரிமை கம்பெனிட்டப் போனா ஆச்சி சாம்பல் பூசி முட்டியில வச்ச விதைக்கு என்ன மதிப்பு? மகரந்தமும் வேலி பாத்து நிக்காது. இந்தியா 2010இல பிடி கத்தரிய நிப்பாட்டி வச்சது.

கடையில வாங்கிற ஹைபிரிட் மிளகாய் விதையும் இதுதான் எண்டு கன சனம் நினைக்கினம், இல்ல, அது ரெண்டு மிளகாய் இனத்த மகரந்தத்தால கலந்தது மட்டும்தான்.