வீட்டில் காப்பிக்கொட்டை வறுப்பு: கேள்வி பதில்

கே: வாணலி போதுமா, மெஷின் வேண்டுமா?

கனமான வாணலி போதும். ஒரு தடவைக்கு 100, 150 கிராமுக்கு மேல் போடாதீர்கள். கொட்டை அடுக்காகக் குவிந்தால் அடியில் கருகும், மேலே பச்சை வாடை போகாது. கிளறும் கை நிற்கவே கூடாது. பாப்கார்ன் மெஷினில் வறுப்பதாக இருந்தால், காற்று பக்கவாட்டிலிருந்து வருவதையே எடுங்கள். அடியில் சல்லடை உள்ளதில் உமி சூட்டுக் கம்பியில் விழுந்து தீப்பிடிக்கலாம்.

கே: பச்சைக் கொட்டையில் எதைப் பொறுக்கி எறிவது? பார்த்தால் எல்லாமே கோணலாகத்தான் இருக்கிறது.

கோணலால் ஒன்றும் கெட்டுவிடாது. உருண்டையாக இருக்கும் பீபெர்ரியும் குறை இல்லை, பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்று விளைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எறிய வேண்டியதில் முதலில் முழுக் கருப்பு. அடுத்து செம்பழுப்பாக மாறியவை. இவை புளித்தவை, கீறி முகர்ந்தால் வினிகர் வாடை வரும். மஞ்சளாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சணம், யோசிக்காமல் எறியுங்கள். குண்டூசி குத்தியதுபோல் துளை இருந்தால் பெர்ரி போரர் வண்டின் வேலை. எல்லாக் குறையும் ஒரே கனம் கிடையாது. எஸ்.சி.ஏ. என்ற ஸ்பெஷாலிட்டி காப்பி சங்கத்தின் பழைய தர முறையில் 350 கிராம் மாதிரியில் ஒரே ஒரு முழுக் கருப்பு இருந்தாலும் ஸ்பெஷாலிட்டி என்ற உயர்ந்த தரம் போய்விடும். லேசாகத் துளைபட்டதோ பத்து சேர்ந்தால்தான் ஒரு குறை. நேரம் இல்லாத நாளில் கருப்பையும் புளித்ததையும் பூஞ்சணத்தையும் மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

கே: வறுத்த பிறகும் சில கொட்டைகள் வெளிறியே நிற்கின்றன. இன்னும் கொஞ்சம் வறுக்கட்டுமா?

வேண்டாம், மற்றவைதான் தீய்ந்துபோகும். இதற்கு குவேக்கர் என்று பெயர். பழுக்காத காயிலிருந்து வந்தது, சர்க்கரை குறைவு, அதனால் நிறம் ஏறாது. பச்சையாக இருக்கும்போது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் வறுத்து ஆறியதும் இன்னொரு முறை பொறுக்கச் சொல்கிறேன். ஒரு சோதனை செய்து பாருங்கள்: பொறுக்கியதை எறியாமல் சேர்த்துவைத்து, அதை மட்டும் அரைத்து ஒரு கப் போடுங்கள். காகிதமும் வேர்க்கடலைத் தோலும் கலந்த ருசி. ஒரு தடவை குடித்தால் போதும், அப்புறம் யாரும் சொல்லாமலே பொறுக்குவீர்கள்.

கே: தெர்மாமீட்டர் இல்லை. பதம் எப்படித் தெரியும்?

காது போதும். கொட்டையின் சூடு 200 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது உள்ளே நீராவி முட்டி, டப் டப் என்று உரக்க வெடிக்கும். அது முதல் வெடிப்பு. அது ஓய்ந்து சற்று நேரத்தில் இறக்கினால் நடுத்தர வறுப்பு. அதன் பிறகு சன்னமாகச் சடசடவென்று கேட்டால் இரண்டாம் வெடிப்பு, எண்ணெய் கசியத் தொடங்கும். இறக்கியதும் விசிறி வைத்து நாலைந்து நிமிடத்துக்குள் ஆற்றுங்கள். இல்லாவிட்டால் சொந்தச் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கும்.

கே: 150 கிராம் போட்டேன், 127தான் வந்தது. எங்கே போனது?

பெரும்பாலும் தண்ணீர். சுமார் 15 சதவீத இழப்பு, நடுத்தர வறுப்புக்குச் சரியான கணக்கு. இதைக் குறித்துவையுங்கள், நிறத்தைவிட நம்பகமானது.

கே: ஒரே கொட்டைதான், ஒவ்வொரு முறையும் ருசி மாறுகிறதே?

எடை, தீ, நேரம் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதற்கும் முன்னால், பொறுக்கினீர்களா? புளித்த கொட்டை ஒன்று ஒரு கப்பில் விழுந்து, அடுத்த கப்பில் விழாமல் போனால், தீயைக் குறை சொல்லி என்ன பயன்?

கே: வறுத்த அன்றே குடிக்கலாமா?

குடிக்கலாம், கொஞ்சம் காட்டமாக இருக்கும். கரியமில வாயு வெளியேற ஒரு நாளாவது விடுங்கள். அதுவரை மூடியை இறுக்க வேண்டாம்.