108 புள்ளி எடுத்துப் பிரிவில் முதலிடம் வந்த ரொறன்ரோ ஐஸ் ஹொக்கி அணி மேப்பிள் லீஃப்ஸின் 2024-25 சீசனைத் தோல்வி என்று சொல்வது நியாயமா?

தோல்விதான். இதில் பட்டிமன்றம் வைக்க ஒன்றுமில்லை.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ரொறன்ரோ போய்ச் சேர்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருக்கும், வேலையிடத்தில் எல்லோரும் கதைக்கிறார்கள் என்று ஐஸ் ஹொக்கி பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள் என்று படுகிறது. அதனால்தான் 108 புள்ளி பெரிதாகத் தெரிகிறது. 82 ஆட்டத்தில் 52 வெற்றி, அட்லாண்டிக் பிரிவில் முதலிடம், எல்லாம் சரி. அதனால் கிடைத்தது என்ன? பிளேஓஃபில், அதாவது கிண்ணத்துக்கான நொக்அவுட் சுற்றுகளில், ஒரு தொடர் கடைசி ஆட்டமான ஏழாவது வரை இழுபட்டால் அதைச் சொந்த அரங்கில் ஆடலாம் என்ற சலுகை. அந்தச் சலுகையோடு ஆடித்தான் இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் புளோரிடா பாந்தர்ஸிடம் 6-1 என்று விழுந்தார்கள். ஐந்தாவது ஆட்டமும் அதே அரங்கு, அதே 6-1. தொடரில் 2-0 முன்னிலையில் இருந்த அணி இது!

"கொழும்பில் ஐஸ் என்றால் பலூடாவுக்குப் போடுவது, உமக்கென்ன தெரியும்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். முன்பும் எழுதியிருக்கிறார்கள். நான் ஸ்கேட்டைக் காலில் மாட்டியவன் இல்லைதான். ஆனால் பெரியம்மாவின் மகன் ஸ்காபரோவில் இருக்கிறார். அண்ணாவோடு போனில் கல்யாணம், செத்தவீடு, காணிப் பிரச்சினை எல்லாம் கதைத்து முடிந்தால் மிச்சம் ஹொக்கிதான். 2013இல் பொஸ்டனுடன் நடந்த ஏழாவது ஆட்டத்தில் 4-1 என்று முன்னால் நின்றவர்கள் மூன்று கோல் வாங்கி, அதில் இரண்டைக் கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் வாங்கி, ஓவர்டைமில் 5-4 என்று தோற்றதையும் வெள்ளவத்தையில் இருந்து பார்த்தவன் நான். கதைக்க அந்தத் தகுதி போதும்.

புளோரிடாவுடன் அந்த ஏழாவது ஆட்டம் நடந்தது 2025 மே 19, திங்கட்கிழமை. அங்கே ஞாயிறு இரவு, இங்கே விடியற்காலை. ஓர் ஆட்டத்தில் மூன்று பீரியட். முதல் பீரியட் கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டாவது பீரியட் நடக்கும்போது மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை நான் அயன் பண்ணிக்கொண்டிருந்தேன், போனை அயன் மேசையில் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தேன். கொலரை முடிப்பதற்குள் புளோரிடா ஒரு கோல். கையை மடிக்கும்போது இன்னொன்று. மூன்றாவது விழுந்தபோது மனைவி "அயன் பெட்டியைத் தூக்குங்கோ" என்று கத்தியது மட்டும் காதில் விழுந்தது. சட்டை தப்பியது. மூன்றாவது பீரியடில் லீஃப்ஸின் டோமி ஒரு கோல் போட்டு 3-1 ஆக்கியதும் ஒரு சின்ன ஆசை வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 4-1. கீழே வான்காரர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

ஏன் இப்படி என்று கேட்டால் என் கணக்கு இது. அந்த சீசனில் ஓர் அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 88 மில்லியன் டொலர். லீஃப்ஸின் நட்சத்திரங்கள் மத்தியூஸ், நைலாண்டர், தவாரஸ், மார்னர் நான்கு பேருக்கு மட்டும் 46 மில்லியனுக்கு மேல். மிச்சக் காசில் மற்ற எல்லோரையும் பிடிக்க வேண்டும். புளோரிடாவிலோ நட்சத்திரங்களுக்குப் பின்னால் மாறி இறங்கும் மூன்றாவது வரிசையில் வந்த மார்ஷாண்டும் லுண்டெலும் லுவோஸ்டரினனும்தான் லீஃப்ஸை உரித்தெடுத்தார்கள். மார்ஷாண்ட் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2013, 2018, 2019, 2024இல் பொஸ்டனோடு, 2025இல் புளோரிடாவோடு, ஏழாவது ஆட்டத்தில் ரொறன்ரோவை வீட்டுக்கு அனுப்பிய ஐந்து முறையும் அந்த மனிதர் எதிரணியில் இருந்தார். மத்தியூஸ் அந்தத் தொடரில் போட்டது ஒரே ஒரு கோல். காயத்தோடு ஆடினார், தெரியும், அதற்காக என்னோடு சண்டைக்கு வரவேண்டாம்.

2015-16இல் 30 அணிகளில் கடைசியாக வந்தார்கள், 69 புள்ளி. அதை அண்ணாகூட ஏமாற்றம் என்று சொல்லவில்லை. யாரும் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை, முடிவில் புது ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் டிராஃப்டில் முதல் வாய்ப்பு வந்து மத்தியூஸ் கிடைத்தார். 1967க்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணமே காணாத அணி 108 புள்ளி எடுத்து ஆசை காட்டிவிட்டு இரண்டாம் சுற்றோடு போனால் வேறு என்ன சொல்வது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். அண்ணா எனக்கு மார்னர் ஜெர்சி ஒன்றைக் கப்பல் பெட்டியில் போட்டு அனுப்பினார். வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவோம் என்று அங்கே காசு வாங்கியவர்கள், இங்கே "கிடங்குக்கு வந்து எடுங்கோ" என்றார்கள். ஓட்டோ பிடித்துப் போனால் பெட்டியில் புது டேப் ஒட்டியிருக்கிறது. சொக்லேட் இருக்கிறது, பெட்ஷீட் இருக்கிறது, ஜெர்சி இல்லை. கேட்டால் "கனடாவில் கேளுங்கோ". கனடாவில் கேட்டால் "கொழும்பில் கேளுங்கோ". இன்று வரை பதில் இல்லை. அந்தக் கோடையிலேயே மார்னரும் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். நீங்கள் ஜெர்சி வாங்குவதாக இருந்தால் பெயர் போடாமல் வாங்குங்கள். ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் பெட்டியில் போடாதீர்கள், வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.